ஆர்கே3399 போர்டில் ஆண்ட்ராய்டு: யூ-பூட்டா, எல்கேவா, யூஇஎஃப்ஐயா?

கேள்வி | 08-02-2025, 20:15

ராக்சிப்பின் ஆர்கே3399 சில்லு உள்ள போர்டு ஒன்றில் ஏஓஎஸ்பி (ஆண்ட்ராய்டின் திறந்த மூலம்) ஓட்ட வேண்டும். போர்டோடு வந்தது 2017.09 யூ-பூட்டை (கெர்னலை ஏற்றி ஓட்டும் பூட்லோடர்) ஒட்டி ராக்சிப் வைத்திருக்கும் கிளை. புதிய பூட் இமேஜ் (கெர்னலும், தொடக்கக் கோப்புகள் உள்ள ராம்டிஸ்கும் சேர்ந்த கோப்பு) அதில் ஏறவில்லை. யூ-பூட் பொதுவாக எம்பெடட் லினக்ஸுக்கு எழுதியது, எல்கே (லிட்டில் கெர்னல்) என்ற பூட்லோடர்தான் ஆண்ட்ராய்டுக்குச் சரியானது, ஃபோன்களில் இருந்ததும் அதுதான் என்று படித்தேன். எல்கேவை இந்தப் போர்டுக்குப் போர்ட் செய்வதாக இருக்கிறேன். கணினிகளில் இருக்கும் ஃபர்ம்வேர் இடைமுகமான யூஇஎஃப்ஐ என்றும் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

குறிப்பு 1 | 08-02-2025, 21:40

எல்கே வேண்டாம். இந்தச் சில்லுக்கு மெயின்லைன் (மூலத் திட்டத்தின் பொதுக் கிளை) யூ-பூட்.

ஃபோன்களில் எல்கே இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே அது முதலில் ஓடுவதில்லை. குவால்காமில் எஸ்பிஎல் (SBL), மீடியாடெக்கில் ப்ரீலோடர் என்று ஒன்று முன்னதாக ஓடி டிடிஆர் மெமரியை எழுப்பி, கடிகாரங்களைச் சரிசெய்து வைத்த பிறகுதான் எல்கே வருகிறது. பவர் வந்தது முதல் மெமரி கிடைக்கும் வரையான வேலையில் அதற்குப் பங்கே இல்லை. மெயின்லைன் எல்கேயில் ஆர்கே3399க்கு டிடிஆர் துவக்கமும் கிடையாது, இஎம்எம்சி (போர்டில் இருக்கும் சேமிப்புச் சில்லு) டிரைவரும் கிடையாது, யூஎஸ்பி கேட்ஜெட்டும் (போர்டே யூஎஸ்பி சாதனமாகத் தெரியும் வசதி) கிடையாது. மூன்றையும் எழுதி முடிக்கிற உழைப்பில் முழு ஏஓஎஸ்பி போர்ட்டையே முடித்துவிடலாம். குவால்காம்கூட ஸ்னாப்டிராகன் 835 முதல் எல்கேவை விட்டுவிட்டு, யூஇஎஃப்ஐ மேல் ஓடும் ஏபிஎல் என்ற பூட்லோடருக்குப் போய்விட்டது.

டெவலப்மெண்ட் போர்டில் பூட்லோடரை முதலில் தேர்வு செய்வது சில்லுக்குள் இருக்கும் பூட் ரோம் (ROM, மாற்ற முடியாத முதல் நிரல்). அது எந்த செக்டரில் தேடும், எந்த வடிவத்தை ஏற்கும், எத்தனை கேபியை எஸ்ராமில் (சில்லுக்குள் இருக்கும் சிறு மெமரி) ஏற்றும் என்பதெல்லாம் சிலிக்கானில் எழுதிய சட்டம். அதற்கு அடுத்து டிடிஆரை எழுப்பும் துண்டு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். ஆர்கே3399க்கு அந்தத் துண்டு மெயின்லைன் யூ-பூட்டிலேயே திறந்த மூலமாக இருக்கிறது. டிடிஆர்3, எல்பிடிடிஆர்3, எல்பிடிடிஆர்4 மூன்றுக்கும் உண்டு. ஆர்கே3588 என்றால் டிடிஆருக்கு ராக்சிப் தரும் மூடிய பைனரியையே சேர்க்க வேண்டும். அந்த வகையில் உங்கள் சில்லு நல்ல சில்லு.

குறிப்பு 2 | 08-02-2025, 22:05

எந்த பூட்லோடராக இருந்தாலும் ஆண்ட்ராய்டு அதனிடம் எதிர்பார்ப்பது இவை: பூட் இமேஜ் ஹெடரைப் பிரிக்கத் தெரிய வேண்டும், பதிப்பு 0 முதல் 4 வரை உங்களுக்கு எது வேண்டுமோ அது. ஃபாஸ்ட்பூட் (கணினியிலிருந்து இமேஜ்களை எழுதும் நெறிமுறை) பேச வேண்டும். மிஸ்க் பார்ட்டிஷனில் ரெகவரிக்கும் பூட்லோடருக்குமான செய்தியைப் படிக்க வேண்டும். ஏ/பி (சிஸ்டத்தின் இரண்டு பிரதிகள், ஒவ்வொன்றும் ஒரு ஸ்லாட்) இருந்தால் ஸ்லாட்டைத் தேர்ந்து கெர்னலிடம் சொல்ல வேண்டும். ஏவிபி (ஆண்ட்ராய்டு வெரிஃபைடு பூட், இமேஜின் கையொப்பச் சோதனை) சரிபார்க்க வேண்டும், அல்லது சரிபார்க்கவில்லை என்பதை ஒழுங்காக அறிவிக்க வேண்டும். கடைசியாக, ஆண்ட்ராய்டுபூட் என்று தொடங்கும் அளபுருக்களைக் கெர்னலுக்குக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பூட்லோடரின் கான்ஃபிக் கோப்பைத் திறந்து பாருங்கள். விளம்பரப் பக்கத்தில் 'ஆண்ட்ராய்டு ஆதரவு' என்று போட்டிருப்பது எதையும் உறுதி செய்யாது. பல போர்டுகளில் அதற்கு ஹெடர் பதிப்பு 0 மட்டும் ஏறும் என்றுதான் பொருள். உங்கள் 2017 கிளையில் ஏறாததற்கும் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பதிப்பு 3 ஆண்ட்ராய்டு 11இல் வந்தது, 4 ஆண்ட்ராய்டு 12இல். மெயின்லைன் யூ-பூட்டில் இரண்டுக்குமான ஆதரவு 2023இல்தான் சேர்ந்தது.

குறிப்பு 3 | 09-02-2025, 10:20

கட்டும் முறை கேட்டிருக்கிறீர்கள். ராக் பை 4 போர்டு என்று வைத்துச் சொல்கிறேன். வேறு ஆர்கே3399 போர்டு என்றால் டெஃப்கான்ஃபிக் (போர்டுக்கான இயல்பு அமைப்புக் கோப்பு) பெயர் மட்டும் மாறும்.

முதலில் டிரஸ்டட் ஃபர்ம்வேர் (ஆர்ம் சில்லின் பாதுகாப்பு நிலையில் ஓடும் ஃபர்ம்வேர்). பிளாட்ஃபார்ம் ஆர்கே3399 என்று கொடுத்து அதன் பிஎல்31 என்ற பகுதியைக் கட்டுங்கள். இங்கே பலர் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 64 பிட் ஆர்ம் கம்பைலர் இருந்தால் போதும் என்று தொடங்குவார்கள், பாதியில் நின்றுவிடும். ஆர்கே3399க்குள் மின்மேலாண்மைக்கு ஒரு கார்டெக்ஸ்-எம்0 இருக்கிறது. அதற்கான சிறு ஃபர்ம்வேரும் இதே கட்டுமானத்தில்தான் உருவாகிறது. எனவே பேர்மெட்டல் 32 பிட் ஆர்ம் கம்பைலரும் (நன்-இஏபிஐ வகை) நிறுவியிருக்க வேண்டும். முடிந்ததும் பிஎல்31 இஎல்எஃப் கோப்பு கிடைக்கும்.

அடுத்து யூ-பூட். பிஎல்31 என்ற சூழல் மாறியில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்து, ராக் பை 4 டெஃப்கான்ஃபிக்கை எடுத்து, மெனுகான்ஃபிக்கில் இவற்றை இயக்குங்கள்: ஆண்ட்ராய்டு பூட் இமேஜ், யூஎஸ்பி ஃபாஸ்ட்பூட், ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ், அபூட்இமேஜ் கட்டளை, பிசிபி கட்டளை, ஏ/பி தேர்வு, லிப்ஏவிபி, ஏவிபி கட்டளை, ஜிபிடி கட்டளை. ஃபாஸ்ட்பூட் எந்த எம்எம்சி சாதனத்தில் எழுத வேண்டும் என்ற எண்ணையும் நீங்களே போட வேண்டும். அதை ஊகிக்காதீர்கள். யூ-பூட் ப்ராம்ப்டில் 'எம்எம்சி லிஸ்ட்' அடித்தால் இஎம்எம்சி எது, எஸ்டி எது என்று காட்டும். மாற்றிப் போட்டால் ஃபாஸ்ட்பூட் 'ஓகே' என்றுதான் சொல்லும், எழுத்து மட்டும் எஸ்டி கார்டுக்குப் போய்விடும்.

கட்டி முடித்ததும் 'யூ-பூட்-ராக்சிப்' என்ற ஒரே பைனரி வரும். டிபிஎல் (டிடிஆரை எழுப்பும் துண்டு), எஸ்பிஎல் (SPL, யூ-பூட்டை ஏற்றும் முன்கட்டம்; குவால்காமின் SBL வேறு), யூ-பூட், பிஎல்31 எல்லாம் அதற்குள் சரியான இடைவெளியில் அடுக்கியிருக்கும். அதை 64ஆவது செக்டரில், அதாவது தொடக்கத்திலிருந்து 32 கேபி தள்ளி, டிடி கட்டளையால் எழுதுங்கள். ஜிபிடி (பார்ட்டிஷன்) அட்டவணை 33ஆவது செக்டரோடு முடிந்துவிடுவதால் மோதல் இல்லை. உள்ளே இருக்கும் யூ-பூட் பகுதி 16384ஆவது செக்டரில், 8 எம்பி இடத்தில் உட்காரும். ஆகவே முதல் பார்ட்டிஷனை 32768ஆவது செக்டருக்கு, அதாவது 16 எம்பிக்கு, முன்னால் தொடங்காதீர்கள். பார்ட்டிஷன் கருவிகள் தாமாக விட்டால் 2048இல் தொடங்கும். அப்படித் தொடங்கிய பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்தால் யூ-பூட் அழிந்துபோகும். எஸ்பிஎல் வரை சீரியலில் செய்தி வந்து அதோடு நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

குறிப்பு 4 | 09-02-2025, 10:45

மேலே சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய ராக்சிப் மினிலோடர் (ராக்சிப் தரும் மூடிய முன்கட்ட லோடர்) போர்டில் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு 16384ஆவது செக்டரில் மட்டும் புதிய யூ-பூட்டை எழுதுகிறார்கள். ஓடாது. மினிலோடர் தன் சொந்த ஹெடர் போட்ட யூ-பூட் இமேஜை அங்கேயும், டிரஸ்ட் இமேஜை 24576ஆவது செக்டரிலும் தேடும். மெயின்லைன் எஸ்பிஎல் தேடுவது எஃப்ஐடி (யூ-பூட்டின் இமேஜ் பொதி) வடிவம். மாற்றினால் 64 முதல் முழுதாக மாற்றுங்கள்.

குறிப்பு 5 | 09-02-2025, 19:30

'எஸ்டி கார்டில் எழுதினேன், பழைய யூ-பூட்தான் வருகிறது' என்பதற்குப் பதில்: பூட் ரோம் தேடும் வரிசை எஸ்பிஐ ஃபிளாஷ், பிறகு இஎம்எம்சி, அதன் பிறகே எஸ்டி. முன்னால் இருப்பதில் செல்லத்தக்க லோடர் கிடைத்துவிட்டால் பின்னால் போகாது. எஸ்பிஐயில் யாரோ முன்பு எழுதி வைத்த லோடர் இருந்தால் இஎம்எம்சியில் நீங்கள் எத்தனை முறை எழுதினாலும் பயனில்லை. யூ-பூட் முதல் வரியில் அச்சிடும் பதிப்பையும் கட்டிய தேதியையும் பாருங்கள். அது இன்றைய தேதியாக இல்லாவிட்டால் நீங்கள் எழுதியது ஓடவில்லை.

எல்லாம் கெட்டாலும் மாஸ்க்ரோம் (பூட் ரோம் யூஎஸ்பியில் காத்திருக்கும் நிலை) இருக்கிறது. இஎம்எம்சியின் கிளாக் முனையை கிரவுண்டோடு தொட்டுக்கொண்டு பவர் கொடுத்தால் (போர்டில் இதற்கென இரண்டு சிறு பேட் அல்லது ஒரு பட்டன் இருக்கும்) பூட் ரோமுக்கு எதுவும் கிடைக்காமல் யூஎஸ்பியில் வந்து நிற்கும். எஸ்பிஐயில் லோடர் இருந்தால் அதன் கிளாக்கையும் இப்படியே அடக்க வேண்டும். கணினியில் யூஎஸ்பி பட்டியலில் 2207 என்ற வெண்டர் எண் தெரிந்தால் தொட்டிருப்பதை விட்டுவிடலாம். ஆர்கே டெவலப்டூலில் 'டிபி' கட்டளையால் லோடரை மெமரிக்கு அனுப்பி, 'டபிள்யூஎல் 64' என்று யூ-பூட் பைனரியை எழுதி, 'ஆர்டி' கொடுத்தால் ரீசெட். தொட்டதை விடாமலே எழுதப் போனால் இஎம்எம்சி பதில் சொல்லாது. எழுதும் முன் விட வேண்டும்.

குறிப்பு 6 | 09-02-2025, 19:50

சீரியலில் குப்பை எழுத்து வருகிறது என்றவருக்கு: ராக்சிப் கன்சோல் வேகம் 1500000. பலர் பழக்கத்தில் 115200 வைப்பார்கள். கேபிளையும் பாருங்கள். பழைய சிபி2102 சில்லின் உச்சவரம்பு 1 மெகாபாட். அதில் இது சரியாக வராது. எஃப்டி232ஆர் 3 மெகாபாட் வரை போகும், சிஎச்340 2 மெகாபாட் வரை. இந்த இரண்டில் ஒன்றை வாங்குங்கள்.

குறிப்பு 7 | 11-02-2025, 21:10

'ஸ்டார்ட்டிங் கெர்னல்' வந்து அதோடு அமைதி என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். மூவரின் லாக்கிலும் காரணம் ஒன்றே மாதிரி தெரிகிறது, எனவே விரிவாக எழுதுகிறேன்.

பூட் இமேஜைக் கட்டும் எம்கேபூட்இமேஜ் கருவியை ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது வைக்கும் அடிமுகவரி பதினாறடிமானத்தில் 10000000. கெர்னலுக்கு 8000 தள்ளி 10008000. ராம்டிஸ்குக்கு 1000000 தள்ளி 11000000. இரண்டுக்கும் நடுவே 16 எம்பிகூட முழுதாக இல்லை. 32 பிட் காலத்து சுருக்கிய கெர்னல் 5, 6 எம்பி இருந்தபோது இது போதும். இன்றைய 64 பிட் கெர்னல் சுருக்காமல் 30 எம்பியைத் தாண்டும். கெர்னலின் வால் ராம்டிஸ்கின் தலை மேல் ஏறி உட்காரும். அறிகுறியைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம்: இயர்லிகான் (தொடக்கத்திலிருந்தே சீரியலில் செய்தி எழுதும் கெர்னல் விருப்பம்) போட்டிருந்தால் கெர்னல் கொஞ்ச தூரம் ஓடி, இனிட்ராம்எஃப்எஸ் பிரிக்க முடியவில்லை என்று சொல்லி, ரூட் இல்லாமல் பேனிக் ஆகும். எழுதும் வரிசை மாறிக் கெர்னல் அடிபட்டிருந்தால் ஒரு எழுத்துகூட வராது.

யூ-பூட் இதில் ஒரு சலுகை தருகிறது. ஹெடரில் 10008000 என்ற அந்த இயல்பு எண் இருந்தால் அதை யாரும் வேண்டுமென்று கொடுத்ததாக எடுத்துக்கொள்ளாமல் ஒதுக்கிவிடும். புதிய பதிப்புகளில் ராம்டிஸ்கின் 11000000க்கும் அதே சலுகை உண்டு. பழைய கிளைகளில் இரண்டையும் நம்ப முடியாது. மெமரி 80000000இல் தொடங்கும் ஏஎம்335எக்ஸ் போன்ற சில்லுகளில் 10008000 என்பது ராமே கிடையாது. அங்கே பழைய லோடர் டேட்டா அபார்ட்டில் விழும். ஆர்கே3399இல் மெமரி 0இலிருந்து தொடங்குவதால் அது உண்மையான ராம்தான். அதனால் பிழை எதுவும் வராமல், ஒன்று மற்றொன்றின் மேல் எழுதிவிடும். கண்டுபிடிக்க இதுதான் கடினம்.

பேஸ், கெர்னல் ஆஃப்செட், ராம்டிஸ்க் ஆஃப்செட் மூன்றையும் கையால் கொடுங்கள். கெர்னலை 2 எம்பி எல்லையில் வையுங்கள், ராம்டிஸ்கை அதிலிருந்து குறைந்தது 64 எம்பி தள்ளுங்கள், டிடிபியை (போர்டின் வன்பொருளை விவரிக்கும் சாதன மரக் கோப்பு) 8 பைட் எல்லையில் வையுங்கள். ஹெடர் பதிப்பு 3, 4இல் பூட் இமேஜில் முகவரியே இருக்காது. அவை வெண்டர்பூட் என்ற தனி இமேஜின் ஹெடருக்குப் போய்விட்டன. எனவே அந்த எண்களை வெண்டர்பூட் கட்டும்போது கொடுக்க வேண்டும்.

டிடிபி நகர்த்தலைத் தடுக்க எஃப்டிடிஹை மாறியில் எல்லா பிட்டும் 1 என்று போடச் சொல்லும் பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றாதீர்கள். அது நகர்த்தலை நிறுத்தும், கூடவே மோதலைத் தவிர்க்கும் பாதுகாப்பையும் நிறுத்திவிடும்.

குறிப்பு 8 | 11-02-2025, 21:35

கெர்னலை எல்இசட்4இல் சுருக்கினால் இன்னொரு சிக்கல். லினக்ஸ் கட்டுமானம் தருவது பழைய 'லெகசி' வடிவ எல்இசட்4. யூ-பூட்டுக்குத் தெரிந்தது ஃப்ரேம் வடிவம். பெயர் ஒன்றானாலும் தலைப்பு பைட்டுகள் வேறு. யூ-பூட் பிரிக்க வேண்டிய கெர்னலுக்கு ஃப்ரேம் வடிவம் அல்லது ஜிஜிப். ராம்டிஸ்கைப் பிரிப்பது கெர்னல், அதற்கு லெகசி வடிவமே சரி. இரண்டையும் ஒரே ஸ்கிரிப்டில் ஒரே கட்டளை விருப்பத்தோடு சுருக்கினால் ஒன்று நிச்சயம் ஓடாது.

குறிப்பு 9 | 12-02-2025, 20:00

யூஇஎஃப்ஐ பற்றிக் கேட்டதற்கு.

ஹைகீ960 போர்டில் யூஇஎஃப்ஐயின் திறந்த மூல ஆக்கமான இடிகே2தான் வருகிறது. அதற்கு முன்னால் டிரஸ்டட் ஃபர்ம்வேர், அதற்கும் முன்னால் எல்-லோடர். டிராகன்போர்டு 845சியில் ஏபிஎல், அதுவும் யூஇஎஃப்ஐ வழிதான். இந்தப் போர்டுகளில் வந்ததையே வைத்துக்கொள்ளுங்கள், நன்றாக ஓடும். யூ-பூட்டின் ஸ்கிரிப்ட் வசதி வேண்டுமென்றால் வந்ததை அழிக்க வேண்டியதில்லை: யூ-பூட்டையே ஒரு ஆண்ட்ராய்டு பூட் இமேஜாகப் பொதிந்து பூட் பார்ட்டிஷனில் எழுதினால் ஏபிஎல் அதைக் கெர்னல் என்று நினைத்து ஏற்றும். டிராகன்போர்டு 410சியிலும் எல்கே மேல் இப்படியே செய்யலாம். முதல் கட்டத்தைத் தொடாததால் போர்டு செயலிழந்து செங்கல் ஆகாது. கையொப்பம் கேட்கும் சில்லுகளில் பெரும்பாலும் இது ஒன்றே வழி.

உங்கள் ஆர்கே3399க்கு இடிகே2வைத் தேட வேண்டாம். யூஇஎஃப்ஐ இடைமுகமே வேண்டுமானால் யூ-பூட் அதையும் தருகிறது. ஒரு இஎஃப்ஐ செயலியை அதற்குள்ளிருந்தே ஓட்டலாம். கூகிள் இப்போது ஜிபிஎல் என்ற பொது பூட்லோடரைக் கொண்டுவருகிறது. அது ரஸ்டில் எழுதிய யூஇஎஃப்ஐ செயலி. பூட் இமேஜ் பிரிப்பது, ஏவிபி, ஸ்லாட் தேர்வு எல்லாம் அதற்குள் போய், கீழே இருக்கும் ஃபர்ம்வேர் வெறும் சேவை தருவதாக மாறும். இந்தப் போக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு போர்டு தயாரிப்பாளரும் பூட் ஹெடரைத் தன் போக்கில் பிரித்து ஆளுக்கொரு பிழை வைப்பது இதனால் குறையும். ஆனால் இன்று போர்டை எழுப்ப வேண்டியவர் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பேர்பாக்ஸ் என்ற பூட்லோடர் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். குறியீடு சுத்தமானது, ஃபாஸ்ட்பூட் உண்டு, ஆண்ட்ராய்டு இமேஜையும் பூட் செய்யும். ஐ.எம்எக்ஸ் சில்லும் லினக்ஸும் என்றால் தயங்காமல் எடுக்கலாம். ஏ/பியும் ஏவிபியும் சேர்ந்த ஆண்ட்ராய்டுக்கு யூ-பூட்டில்தான் செய்து முடித்த வேலை அதிகம்.

குறிப்பு 10 | 12-02-2025, 20:25

ஃபாஸ்ட்பூட் 'வெயிட்டிங் ஃபார் டிவைஸ்' என்று நிற்கிறதா? போர்டில் ஓடிஜி (போர்டே யூஎஸ்பி சாதனமாக இருக்கும் முறை) ஆக முடியும் போர்ட் எது என்று ஸ்கீமாட்டிக்கில் பாருங்கள். பெரும்பாலான போர்ட்கள் ஹோஸ்ட் மட்டுமே. அவற்றில் எந்தக் கேபிள் போட்டாலும் ஒன்றும் நடக்காது. ஓடிஜி போர்ட் தொல்லை தந்தால் ஈதர்நெட் வழியாகப் போங்கள். யூ-பூட்டில் ஐபி முகவரி வைத்து 'ஃபாஸ்ட்பூட் யூடிபி', கணினியில் ஃபாஸ்ட்பூட்டுக்கு சாதனப் பெயராக 'யூடிபி:' போட்டு அந்த முகவரி. போர்ட் எண் 5554. ஃபயர்வாலில் திறந்திருக்க வேண்டும்.

சிஸ்டம் பார்ட்டிஷனை எழுத முடியவில்லை என்பது வேறு விஷயம். ஆண்ட்ராய்டு 10 முதல் சிஸ்டம், வெண்டர் எல்லாம் 'சூப்பர்' பார்ட்டிஷனுக்குள் இருக்கும் தர்க்கப் பார்ட்டிஷன்கள். ஜிபிடியில் அந்தப் பெயர்கள் இருக்காது, பூட்லோடருக்கு அவை தெரியவும் தெரியாது. ஒன்று, முழு சூப்பர் இமேஜையும் பூட்லோடரிலிருந்து எழுதுங்கள். அல்லது 'ஃபாஸ்ட்பூட் ரீபூட் ஃபாஸ்ட்பூட்' கொடுத்து யூசர்ஸ்பேஸ் ஃபாஸ்ட்பூட்டிக்குப் போய் அங்கே எழுதுங்கள். அதற்கு மிஸ்கில் எழுதும் 'பூட்-ஃபாஸ்ட்பூட்' செய்தியைப் படித்து ரெகவரியை ஏற்றும் வரி உங்கள் பூட் ஸ்கிரிப்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பத் திரும்பச் சாதாரணமாகவே பூட் ஆகும்.

குறிப்பு 11 | 15-02-2025, 22:15

'நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நாலைந்து நாளில் தானாக பூட் ஆவது நின்றுவிட்டது, எதையும் மாற்றவில்லை.' ஏ/பி வைத்தவர்களிடமிருந்து இதே புகார் எப்போதும் வரும். இஎம்எம்சி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மிஸ்க் பார்ட்டிஷனில் 2048ஆவது பைட்டிலிருந்து 32 பைட்டுக்கு ஒரு கட்டமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் முன்னுரிமை, மீதமிருக்கும் முயற்சி, வெற்றி அடையாளம் என்று அதில் குறித்திருக்கும். முயற்சியின் தொடக்க மதிப்பு 7. வெற்றி அடையாளம் இல்லாத ஸ்லாட்டை எடுக்கும்போதெல்லாம் யூ-பூட் ஒன்றைக் கழிக்கும். ஆண்ட்ராய்டு முழுதாக எழுந்து 'இந்த ஸ்லாட் வெற்றி' என்று எழுதினால்தான் கழிப்பது நிற்கும். அதை எழுத பூட்கண்ட்ரோல் ஹால் (HAL, ஆண்ட்ராய்டை வன்பொருளோடு இணைக்கும் அடுக்கு) வேண்டும். டெவலப்மெண்ட் போர்டில் பலர் அதைச் சேர்ப்பதே இல்லை. ஏ ஸ்லாட் 7 பூட்டில் தீரும், பி 7 பூட்டில் தீரும், பிறகு எடுக்க ஸ்லாட்டே இருக்காது. பியில் ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தால் எட்டாவது பூட்டிலேயே கதை முடிந்தது.

உடனடித் தீர்வு 'ஃபாஸ்ட்பூட் இரேஸ் மிஸ்க்'. சிஆர்சி (சரிபார்ப்பு எண்) பொருந்தாததால் யூ-பூட் இயல்பு மதிப்புகளோடு புதிதாக எழுதிக்கொள்ளும். சோதனைக் காலத்தில் ஏபி-செலக்ட் கட்டளைக்கு 'நோ-டெக்' விருப்பம் கொடுத்தால் கழிக்காது. நிரந்தரத் தீர்வு ஹாலைச் சேர்ப்பதே.

குறிப்பு 12 | 15-02-2025, 22:40

ஏவிபி. சோதனைக்கு விபிமெட்டா (ஏவிபியின் சரிபார்ப்புத் தகவல்) இமேஜைக் கொடி (ஃப்ளாக்) 2 போட்டுக் கட்டி எழுதுங்கள்; சரிபார்ப்பு முழுதும் விலகும். கொடி 1 ஹாஷ்ட்ரீயை மட்டும் விலக்கும். விபிமெட்டா பார்ட்டிஷனையே வைக்காமல் விடுவது குறுக்குவழி மாதிரி தெரியும், ஆனால் எஃப்எஸ்டேபில் ஏவிபி என்று எழுதியிருந்தால் முதல் கட்ட இனிட் மவுண்ட் செய்ய மறுக்கும்.

யூ-பூட்டின் ஏவிபியை அப்படியே பாதுகாப்பு என்று எண்ணி விற்பனைப் பொருளில் போடாதீர்கள். அதில் பதித்திருக்கும் மூலத் திறவுகோல் எல்லோருக்கும் தெரிந்த சோதனைத் திறவுகோல். மூலக் குறியீட்டில் நேரடியாக இருக்கிறது. மாற்ற வேண்டும். பூட்டப்பட்டதா இல்லையா என்ற நிலையையும் ரோல்பேக் எண்ணையும் காக்க ஆப்-டீயும் (சில்லின் பாதுகாப்பு நிலையில் ஓடும் சிறு இயக்க முறைமை) ஆர்பிஎம்பியும் (இஎம்எம்சியின் பாதுகாத்த சேமிப்புப் பகுதி) வேண்டும்.

ஆர்பிஎம்பி என்றதும் ஓர் எச்சரிக்கை. அதன் திறவுகோலை இஎம்எம்சியில் ஒருமுறைதான் எழுத முடியும். திரும்ப அழிக்க வழியே கிடையாது. ஆப்-டீயில் ஆர்பிஎம்பி திறவுகோல் எழுதும் விருப்பத்தை 'என்ன ஆகிறது பார்ப்போம்' என்று இயக்கினால், சோதனைத் திறவுகோல் அந்த இஎம்எம்சியின் ஆயுள் முழுக்க நிலைத்துவிடும். இஎம்எம்சி மாட்யூலாகக் கழற்றக்கூடிய போர்டென்றால், இதற்கென ஒரு மாட்யூலை ஒதுக்கிவிட்டுச் செய்யுங்கள்.

குறிப்பு 13 | 18-02-2025, 20:50

வேறு போர்டு வைத்திருப்பவர்கள் 64ஆவது செக்டரைப் பார்த்து அப்படியே எழுதுகிறார்கள். அது ராக்சிப்புக்கு மட்டும்.

ஆல்வின்னரில் பூட் ரோம் 8 கேபி இடத்தில் தேடும். ஜிபிடி அட்டவணையோ 17 கேபி வரை போகிறது. ஆக, எஸ்பிஎல்லை எழுதினால் அட்டவணை அழியும், அட்டவணையை எழுதினால் எஸ்பிஎல் அழியும். ஆண்ட்ராய்டுக்கு ஜிபிடி வேண்டும் என்பதால் இது நேரே கழுத்தைப் பிடிக்கும். எச்3உம் அதற்குப் பிந்தைய சில்லுகளும் 128 கேபி இடத்திலும் தேடும், அங்கே எழுதிவிடுங்கள். அதற்கு முந்தையவற்றில் ஜிபிடியில் 56 பதிவுகளுக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொன்றும் 128 பைட், மொத்தம் 14 செக்டர், 2ஆவது செக்டரில் தொடங்கி 15இல் முடியும். 8 கேபி என்பது சரியாக 16ஆவது செக்டர்.

ஐ.எம்எக்ஸ்6இல் 1 கேபி, ஐ.எம்எக்ஸ்8எம் மினியில் 33 கேபி, 8எம் ப்ளஸில் 32 கேபி. 1 கேபி ஜிபிடியோடு மோதும். அங்கே இஎம்எம்சியின் பூட்0 வன்பொருள் பார்ட்டிஷனில் லோடரை எழுதி, 'எம்எம்சி பார்ட்கான்ஃப்' கட்டளையால் பூட் அங்கிருந்து என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

டிஐ ஏஎம்335எக்ஸ், ஏஎம்57எக்ஸ் சில்லுகளில் எம்எல்ஓவை (அங்கே முதல் கட்ட லோடரின் பெயர்) 0, 128, 256, 384 கேபி என்று நான்கு இடங்களில் தேடும். ஜிபிடி இருந்தால் 128 கேபியில் வையுங்கள். பீகிள்போர்டு எக்ஸ்15 ஆண்ட்ராய்டு பார்ட்டிஷன் திட்டத்தில் எக்ஸ்லோடர் 128 கேபியில் தொடங்குவதும் இதனால்தான்.

ராஸ்பெரி பை 4இல் நிலைமை வேறு. ஃபர்ம்வேரே ஃபேட் பார்ட்டிஷனிலிருந்து கெர்னலையும் ராம்டிஸ்கையும் எடுத்து ஓட்டும். எந்தக் கோப்பு என்று கான்ஃபிக் கோப்பில் எழுதினால் போதும். ஆண்ட்ராய்டு இப்படியே எழும், ஆனால் ஃபாஸ்ட்பூட் கிடையாது, ஸ்லாட் கிடையாது, ஏவிபி கிடையாது. அவை வேண்டுமென்றால் கெர்னல் இடத்தில் யூ-பூட்டை வையுங்கள்.

96போர்ட்ஸ் வகையில் (ஹைகீ, டிராகன்போர்டு) குறைவேக இணைப்பியில் வரும் சீரியல் 1.8 வோல்ட். 3.3 வோல்ட் கேபிளை நேராகச் செருகாதீர்கள், சில்லின் கால் போய்விடும். 1.8 வோல்ட் கேபிள் தனியாகக் கிடைக்கிறது, இல்லையென்றால் லெவல் ஷிஃப்டர். பீகிள்போன் பிளாக்கில் 3.3 வோல்ட்டே சரி.

குறிப்பு 14 | 20-02-2025, 21:30

கேள்வி கேட்டவர் இன்று போட்ட லாக்: கெர்னல் எழுகிறது, முதல் கட்ட இனிட் வருகிறது, 'தேவையான பார்ட்டிஷன்களை மவுண்ட் செய்ய முடியவில்லை' என்று சொல்லி பூட்லோடருக்கே திரும்புகிறது. பூட் இமேஜ் பிரிப்பு, முகவரி, ராம்டிஸ்க் எல்லாம் சரியாகிவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

பெயரால் பார்ட்டிஷனைத் தேட இனிட் எந்தச் சேமிப்பகத்தை நம்ப வேண்டும் என்பதை ஆண்ட்ராய்டுபூட்.பூட்_டிவைசஸ் என்ற அளபுரு சொல்கிறது. அதன் மதிப்பு சாதன மரத்தில் வரும் பாதை. பழைய கெர்னல்களில் ஆர்கே3399 இஎம்எம்சியின் பெயர் எஃப்இ330000.எஸ்டிஎச்சிஐ. மெயின்லைனில் அந்த நோடின் பெயரை எம்எம்சி என்று மாற்றிவிட்டார்கள், எனவே புதிய கெர்னலில் எஃப்இ330000.எம்எம்சி. உங்கள் பூட் ஸ்கிரிப்ட் பழைய கிளையிலிருந்து வந்தது, கெர்னல் புதியது. லாக்கில் கட்டளை வரியைப் பாருங்கள், பழைய பெயரே இருக்கிறது.

ஆண்ட்ராய்டு 12 முதல் இந்த அளபுருக்களை பூட்கான்ஃபிக் வழியாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். அது ராம்டிஸ்கின் கடைசியில் ஒட்டும் ஒரு துண்டு: உள்ளடக்கம், 4 பைட் நீளம், 4 பைட் செக்சம், 12 பைட் அடையாளச் சரம். அதைப் படிக்கக் கெர்னல் கட்டளை வரியில் 'பூட்கான்ஃபிக்' என்ற சொல்லும் வேண்டும். டெவலப்மெண்ட் போர்டில் அதற்கு இப்போதே போக வேண்டாம். இனிட் இரண்டு இடத்தையும் படிக்கிறது, கட்டளை வரியில் கொடுத்தாலே எடுத்துக்கொள்ளும்.

அந்த ஒரு மதிப்பை மாற்றிவிட்டு, சேவ்என்வ் செய்யாமல் ஒருமுறை ப்ராம்ப்டிலிருந்தே பூட் செய்து பாருங்கள். எழுந்தால் ஸ்கிரிப்டில் சேருங்கள். எழாவிட்டால் இயர்லிகானோடு முழு லாக்கையும், 'பார்ட் லிஸ்ட் எம்எம்சி 0' தரும் வெளியீட்டையும் போடுங்கள்.